எதைக் கணிக்கிறது அந்த மென்பொருள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி அறிவியலில் முதுகலை முடிக்கப்போகிறேன். மென்பொருள்கள் மனிதர்களைத் தரம் பிரிப்பதால் சமூகத்தில் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்க ஆசை. என் பேராசிரியரோ, "அது சமூகவியல்காரர்கள் வேலை, அதில் கணினி எங்கே இருக்கிறது?" என்கிறார். இந்தத் துறையிலேயே பல வருடங்களாக இருக்கும் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பேராசிரியர் கேட்டது நியாயமான கேள்விதான். எனக்குப் பிடித்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன்.

எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று மதிப்பெண் போட்டுச் சொல்லும் ஒரு மென்பொருள் அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் புழங்கியது. நோயாளியின் இனம் என்ன என்ற தகவல் அதற்குக் கொடுக்கப்படவே இல்லை. அப்படியும், ஒரே மதிப்பெண் வாங்கியவர்களில் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரே அதிகம் நோயுற்றிருந்தார்கள். ஜியாத் ஓபர்மேயர், செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் 2019-இல் 'சயின்ஸ்' இதழில் அதன் காரணத்தை எழுதினார்கள். அந்த மென்பொருள் கணித்தது, அடுத்த ஆண்டு ஆகப்போகும் மருத்துவச் செலவை. சிகிச்சை எளிதில் கிட்டாதவர்களுக்குச் செலவு குறைவாகத்தானே ஆகும்? செலவு குறைவு என்றால் நோயும் குறைவு என்று ஆகிவிட்டது. இந்தக் கோணலைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று கணக்கிட்டார்கள்.

செலவை அது ஒழுங்காகவே கணித்தது. நிரலாளர் உட்கார்ந்து தேடியிருந்தால் ஒரு பிழையும் அகப்பட்டிருக்காது. மருத்துவமனைக்குப் போக முடியாதவர்களின் நிலைமை சமூகவியலாளருக்குத் தெரியும், ஆனால் மதிப்பெண் எதிலிருந்து வருகிறது என்று தெரிய அவருக்கு வழியில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். கணிக்க நினைத்ததற்கும் கணித்ததற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் நான் இத்தனை வருடமும் வேலை செய்கிறேன்.

அதனால் கணிதத்தை விட்டுவிடாதீர்கள், புள்ளியியல் கட்டாயம் வேண்டும். இரண்டு குழுக்களின் அடிப்படை விகிதங்கள் (கணிக்கப்படும் விஷயம் ஒவ்வொரு குழுவிலும் உண்மையில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு நேர்கிறது என்பது) வேறுபட்டால், நியாயத்துக்கான சில அளவுகோல்களை ஒரே நேரத்தில் நிறைவேற்றவே முடியாது என்று 2016-இல் நிரூபித்தார்கள். எதை விட்டுக்கொடுப்பது என்று அந்த நிரூபணம் சொல்லாது. அதற்குப் பாதிக்கப்படுகிறவர்களிடம் போய் உட்கார வேண்டும், பொறுமையாகக் கேட்க வேண்டும்.

அப்புறம், இந்தப் பாதை சுலபமில்லை. கணினிக்காரர்கள் "புது அல்காரிதம் எங்கே?" என்பார்கள், சமூகவியல் இதழ்கள் "கோட்பாடு எங்கே?" என்று கேட்கும். 2018-இல் இதற்கென்றே ஒரு மாநாடு (இன்று அதன் பெயர் ஃபேக்ட்) தொடங்கியபிறகு கொஞ்சம் போக்கிடம் கிடைத்தது. தரவுதான் பெரிய தலைவலி. ஒரு நிறுவனத்திடம் கேட்டுவிட்டு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தேன், வரவேயில்லை. கடைசியில் ஆய்வுக் கேள்வியையே மாற்றினேன். நீங்கள் நெறியாளரைத் தேடும்போது, தரவு கையில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போதைக்கு அந்த 2019 கட்டுரையின் பிரதியை உங்கள் பேராசிரியருக்கும் கொடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.