பூச்சியுண்ணும் செடிகள்: மண்ணின் அமிலத்தன்மை குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: வீனஸ் ஃப்ளைட்ராப், டிரோசெரா இரண்டையும் பீட் மாஸும் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) பெர்லைட்டும் (பொரித்த எரிமலைக் கண்ணாடித் துகள்) கலந்த தொட்டியில் வளர்க்கிறேன். மண்ணின் பி.எச்.சை (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) காட்டும் இரண்டு கம்பி மீட்டரைக் குத்தினால் எப்போதும் 7 காட்டுகிறது. கலவை கெட்டுவிட்டதா?

பதில்: முதலில் மீட்டரைச் சந்தேகியுங்கள். அந்த வகை மீட்டர் இரண்டு உலோகங்களுக்கு இடையே எழும் நுண்ணிய மின்னோட்டத்தை வைத்தே எண் காட்டுகிறது. உப்புச்சத்து இல்லாத, பொலபொலப்பான பீட்டில் மின்னோட்டம் போதிய அளவு எழாது. முள் 7-ஐ விட்டு நகராது. கண்ணாடி முனையுள்ள பேனா வடிவ டிஜிட்டல் பி.எச். மீட்டர்தான் இதற்குச் சரி. லிட்மஸ் தாள் அமிலமா காரமா என்று சொல்லும், அவ்வளவுதான்.

மீட்டரை 7.0, 4.0 பஃபர் கரைசல்கள் (பி.எச். எளிதில் மாறாத, அளவு தெரிந்த கரைசல்கள்) இரண்டிலும் அளவு திருத்துங்கள். 7-இல் மட்டும் திருத்தினால் நமக்கு வேண்டிய 4, 5 பக்கம் பிசகும். பிறகு தொட்டியின் ஓரமாக, வேர் இருக்கும் ஆழத்திலிருந்து இரண்டு மேசைக்கரண்டி கலவை எடுத்து, நான்கு கரண்டி காய்ச்சி வடித்த நீர் சேர்த்துக் கலக்குங்கள். உலர்ந்த பீட் மிதக்கும். முழுக்க நனையும்வரை கரண்டியால் அழுத்துங்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி கலக்கி, அடங்கவிட்டு, மேல்நீரில் மீட்டரின் முனையை அமிழ்த்துங்கள். உப்பு குறைந்த நீரில் எண் மெதுவாகவே நிலைக்கும். அது ஓயும்வரை பொறுத்திருங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறித்து, இல்லாத கோளாறைக் காட்டும்.

3.5 முதல் 5.5 வரை வந்தால் கவலையில்லை. 4.2-ஐ 4.5 ஆக்க முயல்வது வீண்வேலை. 6-ஐத் தாண்டினால் எங்கிருந்தோ சுண்ணாம்பு வருகிறது என்று பொருள்: பாசன நீர், சுண்ணாம்பு கலந்து விற்கப்படும் பீட், அல்லது கிளிஞ்சல் கலந்த மணல். மணலில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதைக் கலவையில் சேர்க்காதீர்கள்.

பி.எச்.சைக் குறைக்க வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றாதீர்கள். நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்துவிடும், சுண்ணாம்பு அங்கேயே இருக்கும். உரம் கலக்காத புதிய பீட்டில் மாற்றி நடுவதே தீர்வு.

கேள்வி: காய்ச்சி வடித்த நீரை அளந்தால் 5.7 வருகிறது. செடிக்கு ஊற்றலாமா?

பதில்: தாராளமாக. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் வரும் எண் அது. இந்த நீருக்கு மண்ணின் பி.எச்.சை மாற்றும் வலு கிடையாது. பாசன நீரில் நீங்கள் பார்க்க வேண்டியது டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு); 50 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் நல்லது. 7 காட்டும் மழைநீரைவிட, அமிலம் விட்டு 5-க்கு இறக்கிய கடின நீர் ஆபத்தானது. கரைந்த உப்பு அதில் அப்படியே இருக்கும். நீர் ஆவியாக ஆவியாக வேரில் சேரும்.

கேள்வி: பீட்டுக்குப் பதில் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) போடலாமா?

பதில்: அதன் பி.எச். பெரும்பாலும் 5.5 முதல் 6.5 வரை. அதைவிடப் பெரிய தொல்லை அதிலுள்ள சோடியமும் பொட்டாசியமும். பலமுறை ஊறவைத்து, வடிநீரின் டி.டி.எஸ். நீங்கள் ஊற்றிய நீரின் அளவுக்கு இறங்கும்வரை அலசினால் நெப்பந்தஸ் (குடுவைச் செடி) கலவையில் சேர்க்கலாம். வீனஸ் ஃப்ளைட்ராப்புக்குப் பரிந்துரைக்கமாட்டோம்.

கேள்வி: எல்லா இனங்களுக்கும் அமில மண்தானா?

பதில்: இல்லை. மெக்ஸிகோவின் பிங்குவிகுலா இனங்களில் பல சுண்ணாம்புப் பாறையிலும் ஜிப்சத்திலும் வளர்பவை. மலேசியாவின் சரவாக் மாநிலத்து நெப்பந்தஸ் நார்த்தியானாவும் சுண்ணாம்புப் பாறைச் செடிதான். இவற்றின் தொட்டியில் 7 வந்தால் விட்டுவிடுங்கள்.