கோவை, திருப்பூர்ப் பக்கம் வீட்டைச் சுற்றி ‘பிரிவெட்’ வேலி வளர்க்க முடியுமா?

கேட்டவர் இங்கிலாந்தில் மகன் வீட்டு வாசலில் பச்சைச் சுவர் மாதிரி நின்ற பிரிவெட் வேலியைப் பார்த்துவிட்டு, பல்லடம் பக்கம் தன் பத்து சென்ட் வீட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்கிறார். எனக்கு ஊர் காங்கேயத்துக்குத் தெற்கே. பிரிவெட் வைத்ததில்லை. ஆனால் வேலி வைத்திருக்கிறேன், கெடுத்தும் இருக்கிறேன்.

பிரிவெட் ஆலிவ் குடும்பத்துச் செடி. அந்த ஊரில் அதை நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும், குளிரில் செடி உறங்கும்போது ஓர் அடிக்கு ஒன்றாக நடுகிறார்கள். கோடையில் இரண்டு மூன்று தடவை கத்தரித்தால் போதும், அடர்ந்துவிடும். நம் பக்கம் அப்படி உறங்குகிற குளிர் ஏது? வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் சுற்றி மழை, மாசியிலேயே காய்ந்துபோகிற செம்மண் காடு. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் பிழைக்கலாம். ஆனால் எனக்கு அதைவிட யோசனையாக இருப்பது அதன் கறுப்புப் பழமும் இலையும். இரண்டும் விஷம், கால்நடைக்கும் ஆகாது. பக்கத்து வீட்டில் நாலு வெள்ளாடாவது இருக்கிற ஊரில் அது எதற்கு?

எங்கள் பக்கத்து வேலி கிளுவைதான். மூலனூர், வெள்ளகோவில், தாராபுரம் ரோட்டில் போனால் இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே வண்டி போகிற இட்டேரி. வேலிக்குள்ளே கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், அதில் வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், மேய்கிற காங்கேயம் மாடு. கம்பி வேலி வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இப்படித்தான். கிளுவைத் தண்டைக் கிட்டே போய்ப் பாருங்கள்: மேல்தோல் காகிதம் மாதிரி சுருண்டு உரியும், உள்ளே பச்சையாகப் பளபளக்கும். கிள்ளினால் பிசின் வாசம். சாம்பிராணி மாதிரி மணக்கிற வெள்ளைப்போளம் இதன் பங்காளிதான், அதுவும் கிளுவை இனம்.

2016-இல் வீட்டு முன்னால் 70 அடிக்கு வைத்தேன். ஆடிக் கடைசியில், மரம் இலையில்லாமல் நிற்கும்போது கட்டைவிரல் கனத்தில் மூன்றரை அடி போத்துகளாக, அதாவது நடுகிற குச்சிகளாக, வெட்டினோம். நாலைந்து நாள் வேப்பமர நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்ததும், கடப்பாரையால் குழி போட்டு முக்கால் அடி ஆழத்தில் ஊன்றி மிதித்துவிட்டோம். ஐப்பசி மழையில் எல்லாம் துளிர்த்தன. எனக்கு ஒரே பெருமை. பக்கத்து வேலியைவிட உயரமாக வரட்டும் என்று கொடுவாளைத் தொடவே இல்லை. இன்னொரு தப்பு, போத்து மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டடிக்கு ஒன்றாக வைத்திருந்தேன்.

இரண்டாம் வருஷம் ஆள் உயரம். தூரத்திலிருந்து பார்த்தால் அழகு. ஒருநாள் காலையில் எழுந்து வந்தால் பக்கத்துத் தோட்டத்து வெள்ளாடுகள் என் செடி அவரைப் பாத்தியில் உட்கார்ந்து அசை போடுகின்றன. வேலி மேலே குடை பிடித்திருக்கிறது, கீழே முழங்கால் அளவுக்குக் குச்சி தவிர ஒன்றுமில்லை. அப்பாரு (தாத்தா) திண்ணையிலிருந்து ஒரே பேச்சுத்தான் பேசினார்: “ஆடு அண்ணாந்து பாக்காது கண்ணு, கீழதான் பாக்கும்.”

அந்த வருஷ மழைக்கு முன்னால் மொத்த வரிசையையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிப் போட்டோம். எனக்கு மனசே வரவில்லை. வெட்டிய போத்தையே சந்துகளில் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்து ஊன்றினோம், அரை அடிக்கு ஒன்று வருகிற மாதிரி. வெட்டின இடத்துக்குக் கீழே ஒவ்வொரு தண்டிலும் நாலைந்து கிளை பக்கவாட்டில் வந்து ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டது. கிளுவையின் சின்னக் கிளை நுனியே முள்ளாக முடிவதால், பின்னிவிட்டால் நாய்கூட நுழையாது. அதற்குப் பிறகு மழைக்கு முன் ஒரு வெட்டு, தை மாதம் ஒரு வெட்டு. அடி அகலமாகவும் தலை ஒடுக்கமாகவும் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் கீழ்க்கிளைக்கு வெயில் படாமல் மறுபடி மொட்டையாகும். பிரிவெட்டுக்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள்: நட்டவுடன் மனசைக் கல்லாக்கிக்கொண்டு குட்டையாக வெட்டிவிடுவது.

கிளுவையில் ஒரு குறை உண்டு. கோடையில் இலை கொட்டிவிடும். பங்குனி, சித்திரையில் ரோட்டில் போகிறவர்களுக்கு உங்கள் வாசல் முழுக்கத் தெரியும். மறைப்புத்தான் முக்கியம் என்றால் முன்பக்கத்துக்கு மருதாணி வையுங்கள். ஆங்கிலத்தில் மருதாணிக்கே ‘எகிப்து பிரிவெட்’ என்று ஒரு பேர் உண்டு, ஆக நீங்கள் கேட்டதற்கு ரொம்பத் தள்ளிப் போய்விடவில்லை! பென்சில் கனக் குச்சியாக ஒரு சாண் வெட்டி, பையில் வேர் பிடிக்க வைத்து, இரண்டு வரிசையாக ஓர் அடி இடைவெளியில் ஒன்றுவிட்டு ஒன்றாக நடலாம். கோடையில் வாரம் ஒரு தண்ணீர் விட்டால் பச்சை நிற்கும். கத்தரிக்க மறந்த கிளையில் பூ வந்தால் ராத்திரி வாசல் முழுக்க மணம். வெட்டிய தழையை அரைக்கக் கேட்டுத் தெருப் பெண்கள் வருவார்கள், அது தனிக் கதை.

பின்பக்கமும் பக்கவாட்டும் ஆடு மாடு வருகிற இடம் என்றால் அங்கே கிளுவைதான். போத்துக்காக நர்சரிக்குப் போக வேண்டாம். வேலி வெட்டுகிற சமயம் எந்த இட்டேரியிலாவது வண்டியை நிறுத்தி, “ஏனுங்க, நாலு கட்டுப் போத்து எடுத்துக்கட்டுங்களா?” என்று கேளுங்கள். எனக்கு இதுவரை யாரும் காசு கேட்டதில்லை. கையுறை மட்டும் மறக்காமல் கொண்டு போங்கள்.