கன்று வேண்டாம், வேலி கேளுங்கள்!
பள்ளி வளாகமும் தோட்டமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்களுடையது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. 140 பிள்ளைகள், அரை ஏக்கர் வெற்றிடம். வருடா வருடம் யாராவது வந்து 50 கன்று நட்டுவிட்டுப் போகிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது நாலைந்துகூட மிஞ்சுவதில்லை. யாரிடம் உதவி கேட்பது?
– தலைமை ஆசிரியை, செய்யாறு வட்டம்

பதில்: கன்று தர ஆளுக்குப் பஞ்சமே இல்லை. வனத்துறை நாற்றங்காலில் கேட்டாலும் கிடைக்கும். உங்கள் கன்றுகளைக் கொல்பவை மேய வரும் ஆடுகளும் மே மாத வெயிலும். அதனால் வேலிக்கும் தண்ணீருக்கும்தான் உதவி கேட்க வேண்டும்.

முதலில் இடத்தின் உரிமையைப் பாருங்கள். ஒன்றியப் பள்ளி என்பதால் சுவர் கட்டவோ ஆழ்துளைக் கிணறு போடவோ வட்டார வளர்ச்சி அலுவலரின் அனுமதி வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, எத்தனை அடி நீளம், எந்தப் பக்கம் என்று அளவோடு தீர்மானம் போட்டு, ஒன்றியப் பொறியாளரிடம் மதிப்பீடு வாங்கிவிடுங்கள். மதிப்பீடு இல்லாத மனு எந்த அலுவலகத்திலும் நகராது.

சுற்றுச்சுவருக்குப் பொருத்தமானது அரசின் ‘நமக்கு நாமே’ திட்டம். ஊரகத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும் என்பது அதன் அடிப்படை. 3 லட்ச ரூபாய் வேலை என்றால் ஊர் திரட்ட வேண்டியது 1 லட்சம். ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், வசூலுக்கு இறங்கும் முன் ஆட்சியர் அலுவலகத்தில் இந்த ஆண்டு நிலவரத்தைக் கேட்டுவிடுங்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியிலும் சுவர், கிணறு, தொட்டி கேட்கலாம். நிலைத்து நிற்கும் சொத்துக்குத்தான் அந்த நிதி. விதை, உரம் அதில் வராது.

சில்லறைச் செலவுக்கு உங்கள் கையிலேயே பணம் இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் 101 முதல் 250 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். கை கழுவும் தொட்டியின் கழிவுநீரைத் திருப்பி விடும் வேலையை அந்தக் கணக்கில் கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தண்ணீரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மதிய உணவுக்குப் பின் ஒரு பிள்ளை 1 லிட்டர் செலவழித்தாலும் நாளுக்கு 140 லிட்டர். ஆனால் சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் சேர்ந்தே வரும். நேராக வாய்க்காலில் விட்டால் நாலே நாளில் அடைத்து நாறும். வழியில் இரண்டடிக் குழி எடுத்து, உடைந்த செங்கல் நிரப்பி, மேலே ஒரு சல்லடை வையுங்கள். சல்லடையைத் தினமும் தட்டிவிட ஒரு வகுப்பை நியமியுங்கள். இந்த நீர் வாழைக்கும் பப்பாளிக்கும் கல்வாழைக்கும் மட்டும். கீரைக்கு வேண்டாம்.

அடுத்த முறை 50 கன்று வேண்டாம், ஐந்தடி உயரத்தில் 15 கன்று போதும் என்று சொல்லுங்கள். ஆடியில் குழி எடுங்கள், இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. ஆறப்போட்டு, மேல்மண்ணோடு 10 கிலோ தொழு உரமும் அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பி, புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். வடகிழக்குப் பருவமழை பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். கன்று நடும் விழா முடிந்ததும் ஒரு கன்றை மெல்லத் தூக்கிப் பாருங்கள். பல நேரம் கறுப்பு பிளாஸ்டிக் பை கிழிக்கப்படாமல் அப்படியே இருக்கும். அந்தக் கன்று பிழைக்காது. பையைக் கிழித்து, அடியில் வட்டமாகச் சுருண்ட வேரைக் கத்தியால் நறுக்கிவிட்டு நட வேண்டும்.

ஏப்ரல் வந்தால் ஒவ்வொரு கன்றின் அருகிலும் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடுங்கள், சுற்றிலும் சருகு மூடாக்கு. நாலைந்து நாளுக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். நிரப்புவது யார் என்று பெயர் குறித்து, கூலியோடு தீர்மானத்தில் எழுதுங்கள். உதவி தருபவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்.

கேள்வி: கம்பெனிகளிடம் சமூகப் பொறுப்பு நிதி கேட்டு எட்டுக் கடிதம் போட்டோம். பதிலே இல்லை. எங்கே தவறு?
– பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, கரூர் மாவட்டம்

பதில்: இரண்டு இடத்தில் இருக்கலாம். நிறுவனச் சட்டம் 2013-இன்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனத்துக்குத்தான் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடும் கடமை. ஊர்ப்பக்கத்து அரிசி ஆலையும் செங்கல் சூளையும் இதில் வராது. அவர்களிடம் பணம் கேட்காமல் பொருளாகக் கேளுங்கள்: இரண்டு லோடு செம்மண், 20 கல்தூண், ஒரு நாள் டிராக்டர். மறுக்கமாட்டார்கள்.

பெரிய நிறுவனமோ உங்கள் குழுவின் பெயரில் காசோலை எழுதத் தயங்கும். பதிவு பெற்ற அமைப்பு வழியாகவே பெரும்பாலும் செலவிடுவார்கள். அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இதற்கான வழிதான். பள்ளியின் தேவையை அதன் இணையதளத்தில் ஏற்றச் சொல்லி, கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

கடிதம் ஒரே பக்கம் இருக்கட்டும். பள்ளியின் 11 இலக்க யூடைஸ் எண் (ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள அடையாள எண்), மாணவர் எண்ணிக்கை, இரண்டு புகைப்படம், பொருள்வாரியாக அளவும் விலையும். ‘பள்ளியைப் பசுமையாக்க உதவுங்கள்’ என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் புரியாது. ‘220 அடி கம்பிவலை, 24 கல்தூண், 500 லிட்டர் தொட்டி ஒன்று’ என்றால் அவர் உடனே கணக்குப் போடுவார். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அனுப்புங்கள். ரொக்கமோ காசோலையோ, குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் வாங்கி ரசீது கொடுங்கள். ஆசிரியரின் சொந்தக் கணக்கு கூடவே கூடாது.

கேள்வி: சத்துணவுக்குக் கீரை போட்டோம். முளைக்கவே இல்லை. விதை மட்டமா?
– ஆசிரியர், மேலூர்

பதில்: விதையைக் குறை சொல்லும் முன் எறும்பைப் பாருங்கள். தூவிய அன்றே இழுத்துப் போய்விடும். பாத்தி ஓரமாகக் கொஞ்சம் நொய் தூவினால் எறும்பு அதில் நின்றுவிடும். விதை ஆழமாகப் போனாலும் வராது. ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு மணல் கலந்து தூவி, மேலே மெல்லிய மணல் போர்வை மட்டும் போட்டு, பூவாளியால் நீர் விடுங்கள். குடத்தால் ஊற்றினால் விதை ஒரு மூலையில் சேர்ந்துவிடும். பாத்தி அகலம் மூன்றடிக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளின் கை நடுவரை எட்டாவிட்டால் பாத்திக்குள் மிதித்துக்கொண்டுதான் களை எடுப்பார்கள். 25 நாளில் பறிக்கலாம்.

கேள்வி: தொடக்கப் பள்ளியில் எந்தச் செடிகளைத் தவிர்க்க வேண்டும்?
– பெற்றோர், பொள்ளாச்சி

பதில்: அரளியும் காட்டாமணக்கும் வளாகத்துக்குள் இருக்கவே கூடாது. காட்டாமணக்கு விதையைக் கடலைபோல் நினைத்துத் தின்று பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போவது நம் ஊரில் நடக்கிறது. குல்மோகர் எனப்படும் செம்மயில்கொன்றையின் கிளை காற்றுக்கு முறியும். விளையாடும் இடத்தில் வேண்டாம். புங்கன், வேம்பு, மகிழம், பூவரசு நல்ல நிழல் தரும். கட்டடத்திலிருந்து 20 அடி தள்ளி நடுங்கள்.