கேள்வி நேரம்: டார்வினிடம் இல்லாத கணக்கு

பரிணாமக் கோட்பாட்டின் வரலாறு பற்றி வந்த கேள்விகளில் ஆறு, இந்த இதழில்.

கலாபகஸ் தீவுகளில் குருவிகளின் அலகுகளைப் பார்த்ததும் டார்வினுக்கு இயற்கைத் தேர்வு பிடிபட்டது என்று பள்ளியில் படித்தோம். அப்படித்தானா?
— வாசகி, விருதுநகர்

இல்லை. பீகிள் கப்பல் 1835 செப்டம்பர், அக்டோபரில் ஏறக்குறைய ஐந்து வாரம் அந்தத் தீவுகளில் இருந்தது. டார்வின் சேகரித்த ஃபிஞ்ச் குருவிகள் எல்லாமே ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை என்பது அவருக்கு அப்போது தெரியவில்லை. அலகின் வடிவம் அவ்வளவு மாறியிருந்ததால் சிலவற்றை வேறு குடும்பப் பறவைகள் என்றே நினைத்தார். அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. எந்தக் குருவியை எந்தத் தீவில் பிடித்தது என்று பெரும்பாலானவற்றுக்குச் சீட்டு எழுதிக் கட்டவில்லை.

1837 ஜனவரியில் லண்டனில் பறவையியலாளர் ஜான் கூல்ட் அவற்றைப் பரிசோதித்து, இவை ஒன்றுக்கொன்று உறவான தனித்தனி இனங்கள் என்று சொன்ன பிறகுதான் டார்வின் விழித்துக்கொண்டார். கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராயும் டார்வினின் உதவியாளர் கோவிங்டனும் வைத்திருந்த குருவிகளில் தீவின் பெயர் இருந்ததால், அவற்றைக் கேட்டு வாங்கி ஒப்பிட வேண்டியிருந்தது. 1859இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இந்த ஃபிஞ்ச் குருவிகள் சான்றாக வரவே இல்லை.

அவரை உண்மையில் உலுக்கியது மாக்கிங்பேர்ட் என்ற வேறொரு பறவை. அதற்குத் தீவு வாரியாகக் குறிப்பு வைத்திருந்தார். நான்கு தீவுகளில் பிடித்தவற்றில் மூன்று தனி இனங்கள் இருப்பதாகக் கூல்ட் சொன்னார். 1837 ஜூலையில் டார்வின் உயிரினங்கள் மாறுவது பற்றிய குறிப்பேட்டைத் தொடங்கினார். ஆனால் மாறுகின்றன என்பது வேறு, எப்படி மாறுகின்றன என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கான விடை 1838 செப்டம்பர் இறுதியில், மால்தஸின் மக்கள்தொகை நூலைப் படிக்கும்போதுதான் கிடைத்தது. பிறப்பவை எல்லாம் பிழைத்தால் உலகம் தாங்காது, ஆகவே பெரும்பாலானவை மடிகின்றன. மடிவதும் பிழைப்பதும் அவற்றின் சின்னச் சின்ன வேறுபாடுகளைப் பொறுத்தது என்றால், தலைமுறைதோறும் கூட்டத்தின் சராசரி நகர்ந்துகொண்டே போகும்.

வாலஸின் கட்டுரையைப் பார்த்துத்தான் டார்வின் எழுதினார் என்கிறார்களே? திருட்டா?
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

திருட்டு இல்லை. டார்வின் 1842இல் 35 பக்கச் சுருக்கமும் 1844இல் 230 பக்கக் கட்டுரையும் எழுதி வைத்திருந்தார். தாவரவியலாளர் ஹூக்கர் அந்தக் கட்டுரையை முன்பே படித்தவர். 1857 செப்டம்பரில் அமெரிக்காவிலிருந்த ஏசா கிரேவுக்கு எழுதிய கடிதத்திலும் கொள்கையின் சுருக்கம் இருக்கிறது. இயற்கை ஆய்வாளர் வாலஸ் இதே கொள்கையை எழுதி, இன்றைய இந்தோனேசியாவின் டெர்னாட்டே தீவிலிருந்து அனுப்பிய கட்டுரை டார்வின் கைக்கு வந்தது 1858 ஜூனில். இருவருக்கும் பொறி தட்டிய நூல் மட்டும் ஒன்றே, மால்தஸ்தான்.

இருவர் எழுத்தும் ஒன்றல்ல. டார்வின் புறா வளர்ப்பவர்கள் செய்யும் தேர்விலிருந்து தொடங்கி இயற்கைக்கு வருவார். வீட்டு விலங்குகளை வைத்துக் காட்டு விலங்குகளைப் பற்றி முடிவு செய்யக்கூடாது என்பது வாலஸ் கட்டுரையின் வாதம்.

ஆனால் நடந்த விதம் நாகரிகமானது என்று சொல்ல முடியாது. 1858 ஜூலை 1 அன்று லண்டனில் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை அறிவியல் அமைப்பின் கூட்டத்தில் புவியியலாளர் லயலும் ஹூக்கரும் ஏற்பாடு செய்து, டார்வினின் இரண்டு பகுதிகளை முதலிலும் வாலஸின் கட்டுரையைக் கடைசியிலும் வாசிக்க வைத்தார்கள். வாலஸ் தன் கட்டுரையை வெளியிடும்படி கேட்கவில்லை. அவரிடம் அனுமதியும் வாங்கவில்லை. கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும். டார்வினும் அன்று வரவில்லை, மூன்று நாள் முன்பு அவருடைய கைக்குழந்தை இறந்திருந்தது. வாலஸ் கடைசிவரை குறை சொன்னதில்லை. 1889இல் எழுதிய நூலுக்கு 'டார்வினிசம்' என்றே பெயர் வைத்தார். அந்தச் சங்கத்தின் தலைவர் மறு ஆண்டு உரையில், 1858இல் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் நிகழவில்லை என்று பேசியதுதான் இதில் வேடிக்கை.

மெண்டலின் ஆய்வை டார்வின் படித்திருந்தால் வரலாறே மாறியிருக்குமா?
— ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், நாகர்கோவில்

மாறியிருக்காது என்றே தோன்றுகிறது. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், டார்வினின் கொள்கையில் எங்கே ஓட்டை இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தேர்வு நடக்க வேறுபாடு வேண்டும். அந்த வேறுபாடு பிள்ளைக்குப் போக வேண்டும். அன்று எல்லோரும் நம்பியது, தாய் தந்தை குணங்கள் கலந்து பிள்ளைக்குச் சராசரியாக வரும் என்பதை. எடின்பரோவைச் சேர்ந்த பொறியாளர் ஃப்ளீமிங் ஜென்கின் 1867இல் எழுதிய விமர்சனத்தில் இந்த இடத்தில்தான் கை வைத்தார். நல்ல குணம் ஒன்று ஒரு விலங்கில் தோன்றினாலும், அது சாதாரண விலங்கோடுதான் இணையும். பிள்ளைக்குப் பாதி, பேரனுக்குக் கால் என்று கரைந்துவிடும். கணக்காகச் சொன்னால், கலப்பு மரபில் ஒரு கூட்டத்தின் வேறுபாட்டு அளவு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகிறது. ஐந்தே தலைமுறையில் 32இல் ஒரு பங்குதான் மிஞ்சும். பிறகு இயற்கை எதைத் தேர்ந்தெடுப்பது?

டார்வினிடம் பதில் இல்லை. 1868இல் உடலின் ஒவ்வொரு உறுப்பும் நுண்துகள்களை அனுப்பி, அவை இனப்பெருக்க உறுப்பில் சேர்கின்றன என்று ஒரு கருதுகோளைச் சொன்னார். அவருடைய உறவினர் கால்டன் ஒரு நிற முயலின் இரத்தத்தை வேறு நிற முயலுக்கு ஏற்றிக் குட்டி போட வைத்துப் பார்த்தார். குட்டிகளின் நிறம் மாறவில்லை.

இனி மெண்டல். பட்டாணி ஆய்வு அச்சானது 1866இல். இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. அதாவது 2.96க்கு 1. கலந்தாலும் காரணி கரையவில்லை, மறைந்திருந்து அப்படியே திரும்பி வருகிறது. ஜென்கினுக்கு வேண்டிய பதில் இதுதான்.

ஆனால் இதே போன்ற எண்கள் டார்வினின் கையிலும் இருந்தன. சாதாரண ஸ்னாப்டிராகன் செடியையும் பூவின் வடிவம் மாறிய ஒரு வகையையும் அவரே கலப்பினம் செய்தார். இரண்டாம் தலைமுறையில் 127 செடிகள்: 88 சாதாரணம், 37 மாறிய வகை, 2 இடைப்பட்டவை. 1868 நூலில் அச்சிட்டும் விட்டார். விகிதமாக வகுத்துப் பார்க்கவில்லை. மெண்டல் வியன்னாவில் இயற்பியல் படித்தவர், எண்ணுவதற்காகவே பயிரிட்டவர். டார்வின் விவரங்களைச் சேர்ப்பதில் மன்னர், கணக்கு அவர் வழி அல்ல. தன் தோட்டத்திலேயே விளைந்த எண்களைக் கடந்து போனவர், மற்றவர் கட்டுரையில் பார்த்திருந்தால் மட்டும் நின்றிருப்பாரா? மெண்டலோ டார்வின் நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை ஓரங்களில் குறியிட்டுப் படித்திருந்தார்.

இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1900இல் மெண்டலின் விதி மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபோது, அதைக் கொண்டாடியவர்கள் முதலில் டார்வினுக்கு எதிராகவே அதைப் பயன்படுத்தினார்கள். புதிய இனங்கள் பெரிய தாவல்களில் வருகின்றன, சிறு வேறுபாடுகளைத் தேர்வு செய்து பயனில்லை என்றார்கள். உயரம் போன்ற தொடர்ச்சியான குணத்தைப் பல மெண்டல் காரணிகள் சேர்ந்து உண்டாக்க முடியும் என்று ஃபிஷர் 1918இல் நிறுவினார். தேர்வின் வேகத்துக்கான சமன்பாடுகளை ஹால்டேன் 1924 முதல் எழுதத் தொடங்கினார். சிறு கூட்டங்களில் தற்செயலின் பங்கைச் சூவல் ரைட் கணக்கிட்டார். இந்த மூவருக்குப் பிறகுதான் இயற்கைத் தேர்வு தன் காலில் நின்றது.

பூமியின் வயது போதாது என்று கெல்வின் பிரபு டார்வினை மடக்கினாராமே?
— வாசகர், மட்டக்களப்பு

மடக்கினார். சிறு வேறுபாடுகளைத் தேர்ந்து இனங்கள் மாற நீண்ட காலம் வேண்டும்; இயற்பியலாளரான கெல்வினோ, உருகிய கோளமாக இருந்த பூமி ஆறுவதற்கான நேரமாக 1862இல் 2 கோடி முதல் 40 கோடி ஆண்டு என்றார், பின்னர் 2 முதல் 4 கோடிக்குச் சுருக்கினார். பூமியின் உட்புறத்தில் வெப்பம் நகரும் விதமும் கதிரியக்க வெப்பமும் அவர் கணக்கில் சேரவில்லை. இன்றைய மதிப்பு 454 கோடி ஆண்டுகள்.

கறுப்பு அந்துப்பூச்சி ஆய்வு மோசடி என்று இணையத்தில் சுற்றுகிறது. இன்னும் பாடத்தில் வைத்திருப்பது சரியா?
— வாசகர், திருப்பூர்

சரிதான், ஆனால் பழைய ஒளிப்படங்களை எடுத்துவிடலாம்.

வெள்ளை இறக்கையில் கறுப்புப் புள்ளி தெளித்த இந்த அந்துப்பூச்சியின் முழுக் கறுப்பு வடிவம் 1848இல் மான்செஸ்டரில் பதிவானது. ஐம்பதே ஆண்டில் அங்கே கறுப்புதான் ஏறக்குறைய எல்லாமே. அவ்வளவு வேகத்துக்கு, வெள்ளை இரண்டு பிழைக்கும் இடத்தில் கறுப்பு மூன்று பிழைத்திருக்க வேண்டும் என்று ஹால்டேன் 1924இல் கணக்கிட்டார். பூச்சி ஆய்வாளர் கெட்டில்வெல் 1953இலும் 1955இலும் பூச்சிகளுக்குக் குறியிட்டு விட்டு, மீண்டும் பிடித்து எண்ணினார். புகைக்கரி படிந்த காட்டில் வெள்ளையும் சுத்தமான காட்டில் கறுப்பும் அதிகம் பறவைகளுக்கு இரையாயின.

குறைகள் உண்மையானவை. பகலில் விட்டார், இரவில் தானாக இடம் தேடி அமரும் பூச்சி அது. ஒரே இடத்தில் இயல்பைவிட நெருக்கமாக விட்டதால் பறவைகள் அங்கேயே பழகிவிடும். ஆய்வகத்தில் வளர்த்தவற்றையும் காட்டில் பிடித்தவற்றையும் கலந்தார். பாடநூல் படங்களில் பல, செத்த பூச்சியைப் பட்டையில் பொருத்தி எடுத்தவை.

மைக்கேல் மஜெரஸ் இந்தக் குறைகளை ஒவ்வொன்றாக நீக்கி, 2001 முதல் 2007 வரை கேம்பிரிட்ஜில் 4,864 பூச்சிகளை வைத்து ஆய்வைத் திரும்பச் செய்தார். பூச்சிகள் இரவிலேயே இடம் பிடித்தன, எண்ணிக்கையும் அடர்த்தி குறைவாக வைக்கப்பட்டது. காற்று சுத்தமாகிவிட்ட அந்த இடத்தில் கறுப்பு, நாளொன்றுக்குச் சுமார் 9 சதவீதம் குறைவாகப் பிழைத்தது. அவர் மறைந்த பிறகு, 2012இல் இது வெளியானது. கறுப்பு நிறத்துக்குக் காரணமான மரபணு மாற்றம் 2016இல் கண்டறியப்பட்டது.

பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்கைத் தேர்வைச் செய்து காட்ட ஒரு செய்முறை வேண்டும். செலவு குறைவாக இருந்தால் நல்லது.
— உயிரியல் ஆசிரியை, கூடலூர்

உங்கள் ஊருக்குப் பொருத்தமான ஒன்று இருக்கிறது. அரிவாள் செல் சோகைக்கான மரபணு நீலகிரிப் பழங்குடியினரிடம் இருப்பதை லெஹ்மனும் கட்புஷும் 1952இல் அறிவித்தார்கள். இந்த மரபணு ஒன்று மட்டும் இருப்பவர்களை மலேரியா எளிதில் கொல்வதில்லை என்று அலிசன் 1954இல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து காட்டினார். இரண்டு இருந்தால் கடும் நோய். ஆகவே மலேரியா உள்ள இடத்தில் இந்த மரபணு அழியாமல் நிற்கும். எவ்வளவில் நிற்கும் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கலாம்.

ஒரே ரக வெள்ளை மொச்சை 200 எடுத்து, பாதிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி நன்றாக உலர்த்துங்கள். இரண்டு வகைப் பயறு வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அளவு வேறுபட்டால் விரல் கண்டுபிடித்துவிடும். துணிப்பையில் வெள்ளை 50, சிவப்பு 50 போடுங்கள். வெள்ளை சாதாரண மரபணு, சிவப்பு அரிவாள் மரபணு. மிச்சம் இருப்பில் இருக்கட்டும்.

பார்க்காமல் இரண்டிரண்டாக 50 ஜோடி எடுக்க வேண்டும். சிவப்பு ஜோடி அனைத்தையும் நீக்குங்கள். மலேரியாக் குழு, வெள்ளை ஜோடிகளில் ஐந்துக்கு ஒன்றையும் நீக்கும். ஐந்தால் வகுத்தபின் மீதி வந்தால் அடுத்த தலைமுறைக் கணக்கில் சேர்க்கவும். கலப்பு ஜோடியைத் தொடக்கூடாது. எஞ்சிய மொச்சையில் சிவப்பு எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, அதே விகிதத்தில் பையை 100க்கு நிரப்பிக் குலுக்குங்கள். பத்துத் தலைமுறை செய்தால் போதும்.

மலேரியா இல்லாத குழுவில் சிவப்பு 50, 33, 25, 20, 17, 14 என்று இறங்கி, பத்தாம் தலைமுறையில் 8 அளவுக்கு வர வேண்டும். மலேரியாக் குழுவில் 36, 29, 25, 23, 21 என்று இறங்கி, 18ஐ ஒட்டித் தயங்கும். அது நிற்கும் இடம் ஆறில் ஒரு பங்கு: வெள்ளை ஜோடியின் இழப்பு 0.2, அதை இரண்டு இழப்புகளின் கூட்டுத்தொகையான 1.2ஆல் வகுத்தால் கிடைப்பது. நடைமுறையில் அந்த நிலையிலும் ஒவ்வொரு தலைமுறையிலும் சில மொச்சை கூடக் குறைய ஆடும், ஆட்டம் சேர்ந்துகொண்டும் போகும். எட்டுக் குழுவின் சராசரியை எடுத்தால் வளைகோடு தெளிவாகும். ஒரு குழுவில் 20 மொச்சை மட்டும் வைத்தால் சிவப்பு மொத்தமாக மறைந்துபோகவும் கூடும். அதைத் தோல்வி என்று தள்ளிவிட வேண்டாம். ரைட் சொன்ன தற்செயல் நகர்வு அதுதான், தனி வரைபடமாகப் போடச் சொல்லுங்கள்.

மலேரியா இல்லாத குழுவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சிவப்பு ஜோடி ஒன்றையும் விடாமல் நீக்கியும் ஏன் சிவப்பு ஒழியவில்லை? 8 சதவீதத்தில் நூறு பேரில் சுமார் 15 பேர் அதைச் சுமக்கிறார்கள், நோயாளியோ ஒருவருக்கும் குறைவு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1907இல் தொடங்கிய, பரம்பரைக் குறை உள்ளவர்கள் என்று கருதப்பட்டவர்கள் பிள்ளை பெறாமல் தடுத்த கட்டாயக் கருத்தடைச் சட்டங்கள் அறத்தில் மட்டுமல்ல, கணக்கிலும் தவறானவை என்பது இங்கேயே தெரிந்துவிடும்.