பழுதான பொருள், கடைக்காரர், நம் உரிமை: கேள்வி பதில்

கேள்வி: சார், புது மிக்ஸி நாலே நாளில் மோட்டார் புகைந்துவிட்டது. கடைக்காரர் பில்லைக் காட்டுகிறார். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அடித்திருக்கிறது. அவ்வளவுதானா?

பதில்: இல்லவே இல்லை. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பி வருகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு ஆதங்கம். பழுதான பொருளைத் திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு இருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாளுக்குள் திரும்பப் பெற வேண்டும். நிறம் பிடிக்கவில்லை, வேறு மாடல் வேண்டும் என்பதெல்லாம் இதில் சேராது. அது கடையின் விருப்பம்.

வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். வாங்கிய தேதி, பழுது என்ன, மாற்றித் தர வேண்டுமா பணம் வேண்டுமா என்று இன்றே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம்.

கேள்வி: பில்லே தரவில்லை அண்ணா. கேட்டதற்கு "எதுக்குங்க பில்லு" என்றார்.

பதில்: பில் தராததும் அதே முறையற்ற வணிக நடைமுறைப் பட்டியலில்தான் வருகிறது. யுபிஐ பதிவு, கடை முத்திரை போட்ட வாரண்டி கார்டு இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: ஃப்ரிட்ஜுக்கு டெக்னீஷியன் மூன்று முறை வந்துபோய்விட்டார். இன்னும் கூலிங் இல்லை. வேறு ஃப்ரிட்ஜ் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் டெக்னீஷியன் செய்த வேலையை எழுதிக் கையெழுத்து வாங்கும் ஜாப் ஷீட்டைப் படித்துப் பார்த்தீர்களா? நீங்கள் சொன்னது "கூலிங் இல்லை". அதில் "ஜெனரல் செக்கப், ஓகே" என்று இருக்கும். நாளைக்கு வழக்கு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் கம்பெனி நீட்டப்போவது அந்தத் தாளைத்தான். பழுதைப் பழுது என்றே எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கிளம்பும்போது ஓடிபி கேட்பார்கள்; அதைச் சொன்னால் புகார் முடிந்ததாகப் பதிவாகிவிடும். கூலிங் வரும்வரை சொல்லாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஹெட்போனில் ஒரு பக்கம் சத்தமே இல்லை. பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த அன்பாக்சிங் வீடியோ இல்லாமல் ரிட்டர்ன் கிடையாது என்கிறார்கள்.

பதில்: வீடியோ இருந்தால் நல்லது, ஆனால் சட்டம் அதைக் கேட்கவில்லை. 2020 மின்வணிக விதிகள்படி, பழுதான பொருளையும் விளம்பரத்துக்கு மாறான பொருளையும் விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும்.

கேள்வி: கேஸ் என்றால் வக்கீல், அலைச்சல்... இதெல்லாம் தேவையா அக்கா என்கிறாள் தங்கை.

பதில்: முதலில் 1915-க்குப் போன் செய்யுங்கள், கட்டணமில்லை. சமாதானமாகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். வழக்கை முடிக்கச் சட்டம் சொல்வது 3 மாதம், லேப் சோதனை தேவைப்பட்டால் 5 மாதம். நடைமுறையில் இழுக்கத்தான் செய்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் பணத்தோடு வட்டியும் நஷ்டஈடும் கேட்க முடிகிற இடம் அது.

கேள்வி: வீட்டில் தையல் வேலை செய்து பிழைக்கிறேன். மிஷினில் பழுது. தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் இல்லை என்கிறார் கடைக்காரர்.

பதில்: அவர் சொல்வது பெரிய வியாபாரத்துக்குப் பொருந்தும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர்தான். மனுவில் "சுயதொழில் மூலம் பிழைப்புக்காக வாங்கியது" என்று கட்டாயம் எழுதுங்கள்.