வாசகர் கேள்வி பதில்: புற்றுநோய் ஊசி நரம்புக்கு எதற்கு?

கேள்வி: என் மனைவிக்கு முதலில் ஒரு கண் மங்கியது, பிறகு இரண்டு காலும் மரத்துப்போனது. என்.எம்.ஓ. என்று சொல்லி ரிட்டுக்சிமாப் எழுதியிருக்கிறார்கள். அது புற்றுநோய் மருந்தாமே? (தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அது நிணநீர்ப் புற்றுநோய்க்கான மருந்துதான். ஆனால் இது போன்ற ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) மருந்துக்கு நோயின் பெயர் தெரியாது. தனக்குரிய பிடி எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டும். ரிட்டுக்சிமாப்புக்கு அந்தப் பிடி, பி-செல் என்ற வெள்ளையணுவின் மேலிருக்கும் சிடி20 என்ற புரதம். அதில் ஒட்டி பி-செல்லை அழிக்கிறது. அந்தப் புற்றுநோயில் பி-செல்லே கட்டுமீறிப் பெருகுகிறது. என்.எம்.ஓ.வில், உடலே தன்னைத் தாக்கும் விதமாக, பி-செல் வழியாக உருவாகும் எதிர்ப்பொருள் கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது. மருந்து மூளைக்குள் மிகச் சொற்பமாகவே நுழையும். ரத்தத்தில் பி-செல் குறைந்தாலே பலன் கிடைக்கும் என்பதால் அது குறையில்லை. 2020-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், 72 வாரத்தில் ரிட்டுக்சிமாப் பெற்ற 19 பேரில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. வெற்று ஊசி பெற்ற 19 பேரில் 7 பேருக்குத் திரும்பியது.

ஊசிக்கு முன் ஹெபடைட்டிஸ் பி சோதனை கட்டாயம். இப்போது தொற்று இருக்கிறதா என்று காட்டும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. மட்டும் போதாது, முன்பு வந்துபோன தொற்றையும் காட்டும் ஆன்டி-எச்.பி.சி.யும் பாருங்கள். கல்லீரலில் பதுங்கியிருக்கும் வைரஸ், பி-செல் இல்லாதபோது தலைதூக்கி உயிரையே பறிக்கலாம்.

வழக்கமாக 1000 மி.கி., இரண்டு வாரம் கழித்து இன்னொரு 1000, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. முதல் டிரிப் மணிக்கு 50 மி.கி. வேகத்தில் தொடங்கி, அரைமணிக்கு 50 கூட்டி, 400-ஐத் தாண்டாமல் ஏற்றுவார்கள். பி-செல்கள் ஒரேயடியாக உடைவதால் குளிர்நடுக்கம், அரிப்பு, ரத்த அழுத்தச் சரிவு வரலாம். அதைத் தணிக்க அரைமணி முன்பே ஸ்டீராய்டு, பாராசிட்டமால், அலர்ஜி மருந்து கொடுப்பார்கள். அவர் பிரஷர் மாத்திரை எடுப்பவரானால், அன்று காலை போடலாமா என்று முன்பே கேளுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசில்லை என்று தவணையைத் தள்ளிவிடாதீர்கள். பி-செல் திரும்பினால் பார்வையே போகலாம். விலை குறைந்த இந்திய பயோசிமிலர் (மூல மருந்தை ஒத்த மருந்து) 2007 முதல் இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

கேள்வி: மதுரையில் வாங்கும் ரிட்டுக்சிமாப் குப்பியை மீன் ஐஸ் பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவரலாமா? (பாம்பன் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. அதற்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி. உடைத்த ஐஸில் புதைந்தால், அதுவும் உப்பு கலந்த ஐஸ் என்றால், மருந்து உறைந்து புரதம் திரண்டுவிடும். உருகிய பின் தெளிவாகத் தெரிந்தாலும் அது கெட்ட மருந்துதான். ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஜெல் பேக்கை, மேலே வியர்த்து உள்ளே லேசாகத் தளரும்வரை வெளியே வையுங்கள். பிறகு தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, நடுவில் கெட்டியான துணி மடித்து, அட்டைப்பெட்டி பிரிக்காத குப்பியை வையுங்கள். குலுக்க வேண்டாம், இன்ஜின் பக்கம் வைக்க வேண்டாம். வீட்டு ஃபிரிட்ஜில் நடுத்தட்டு, கதவில் அல்ல.

கேள்வி: கொரோனா வார்டில் அப்பாவுக்குப் போட்ட டோசிலிசுமாப்பை, மூட்டுவாதத்துக்கு அம்மாவுக்கும் போடுகிறார்கள். கிருமியைக் கொல்லும் மருந்து மூட்டுக்கு எப்படி? (கீழக்கரை வாசகர்)

பதில்: அது கிருமியைத் தொடுவதே இல்லை, கொரோனாவுக்கு முன்பே மூட்டுவாதத்துக்குப் பயன்பட்ட மருந்து. ஐ.எல்.-6 என்ற அழற்சிச் செய்தி செல்லுக்குப் போய்ச் சேராமல் தடுக்கிறது. அளவுமீறிய அழற்சியோடு ஆக்சிஜன் குறைந்த கொரோனா நோயாளிகள் 4116 பேரிடம் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், 28 நாள் இறப்பு 35 சதவீதத்திலிருந்து 31 ஆக இறங்கியது.

அம்மா விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறு. தொடங்குமுன் காசநோய்ச் சோதனை முடிந்ததா என்று பாருங்கள். ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கல்லீரல் சுரப்பது ஐ.எல்.-6 சொல்லித்தான். அதனால் இந்த ஊசி போட்டவருக்குக் கடும் தொற்று இருந்தாலும் சி.ஆர்.பி. ஏறாது, காய்ச்சலும் அடங்கியே இருக்கலாம். ரிப்போர்ட் நார்மல் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருமலோ, புண்ணில் சீழோ, வயிற்றுவலியோ வந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் முதலில் சொல்லுங்கள்.