பழைய இணையக் குழுக்களில் இருந்த ஆழம் ஏன் இப்போது ஃபேஸ்புக், வாட்ஸ்அப்பில் இல்லை?

நீங்கள் ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே கேள்வி மாதம் நான்கு தடவை வரும். போன தடவை வந்த அருமையான பதில் யார் கையிலும் அகப்படாது. ஆட்களைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு அமைப்பில்.

1980-இல் புழக்கத்துக்கு வந்த யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழு வலையமைப்பில் ஒவ்வொரு மடலுக்கும் தனி அடையாளக் குறி உண்டு. பதில் எழுதினால், முந்தைய மடல்களின் குறிகள் வரிசையாக அதன் தலைப்பகுதியில் ஏறும். பத்து நாள் கழித்து வரும் பதிலும் சரியான கிளையில் போய் உட்காரும். படித்ததை மென்பொருள் மறைத்துவிடும், படிக்காதது மட்டும் நிற்கும். தொல்லை கொடுப்பவரை ஒதுக்கும் 'கில் ஃபைல்' படிப்பவர் கையில் இருந்தது. அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களை ஒருவர் பொறுப்பேற்றுத் திருத்தித் திருத்தி மறுபடி மறுபடி வெளியிடுவார்.

ஃபேஸ்புக்கில் எதை மேலே காட்டுவது என்பதைத் தளத்தின் தானியங்கிக் கணிப்புதான் முடிவு செய்கிறது. வியாழக்கிழமை இரண்டு மணி நேரம் செலவழித்து எழுதியது சனிக்கிழமை புதைந்துவிடும். இரண்டு முறை அப்படி ஆனால் விஷயம் தெரிந்தவர் எழுதுவதை நிறுத்திவிடுவார். ஆழம் போவது அங்கேதான்.

பழம்பெருமை பேசுகிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம். யூஸ்நெட்டிலும் வசை இருந்தது. 1994-இல் கிரீன் கார்டு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் கொட்டியதும் அங்கேதான். ஆனால் கணினியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஓர் எண் ஒதுக்கும் திஸ்கி எழுத்துக் குறியேற்றம் போன்ற நுணுக்கமான வேலையை நம்மவர்கள் மின்னஞ்சல் குழுவிலேயே விவாதித்து முடித்தார்கள். ஒவ்வொரு ஆட்சேபமும் பதிலோடு கோத்து நின்றதால்தான் அது முடிந்தது.

செய்ய வேண்டியது: 2 ஜிபி நினைவகமுள்ள சர்வரில் டிஸ்கோர்ஸ் என்ற இணைய மன்ற மென்பொருளை நிறுவுங்கள். புதியவர் 5 உரையாடல் இழைகளைத் திறந்து, 30 பதிவுகள் படித்து, 10 நிமிடம் செலவிட்ட பிறகே கூடுதல் உரிமைகள் உள்ள அடுத்த நிலைக்கு ஏறுவார். அந்த அளவுகளைக் குறைக்காதீர்கள். பிரிவுகள் மூன்று போதும். இருபது திறந்தால் எல்லாம் காலியாகத் தெரியும், வந்தவர் திரும்பிப் போவார். வாட்ஸ்அப்பில் கேட்பவருக்கு இணைப்பை மட்டும் கொடுங்கள். அங்கேயே பதில் சொன்னால் யாரும் இடம் மாற மாட்டார்கள்.